வெட்டிய கட்டியில் தெரியும் குறைகள்: திருச்சி வெயிலில் சோப்பு செய்பவர்களுக்கு

அச்சிலிருந்து எடுத்த முதல் சோப்பு புத்தகப் படத்தில் இருப்பதுபோல் இருக்காது. மேலே வெள்ளை பூத்திருக்கும். நடுவில் ஒரு வட்டம் கறுத்திருக்கும். கத்தி பட்டதும் ஓரம் உதிரும், அல்லது மூன்று நாளாகியும் விரல் வைத்தால் அழுந்தும். இவற்றில் பல கண்ணுக்கு மட்டுமே குறை. இரண்டு மூன்றுதான் தோலைப் பதம் பார்ப்பவை. எது எந்த வகை என்று தெரியாததால் நல்ல சோப்பைக் குப்பையில் போடுகிறவர்களும் உண்டு, கெட்ட சோப்பைப் பேரக்குழந்தைக்குத் தேய்க்கிறவர்களும் உண்டு.

கடைச் சோப்பின் வழவழப்பை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம். தொழிற்சாலையில் சோப்பைத் துகளாக்கி, உருளைகளுக்கிடையே அரைத்து, அழுத்திப் பிதுக்கி, முத்திரை குத்தி எடுக்கிறார்கள். ஊற்றி உறையவிட்டு வெட்டுகிற கட்டிக்கு அந்த மேனி வராது. 1969இல் சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த வி.பி. சித்தன் மெடிமிக்ஸைத் தொடங்கியதும் வீட்டில், கையால் செய்துதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் கைக்குக் கிடைக்கும் சோப்புக் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுச் சமையலறைகளில் உருவானவை. எண்ணெயை உருக்கிச் சூடாக்கு, ஊற்றியதும் அச்சைத் துண்டால் சுற்று, போர்வை போர்த்து என்பார்கள். சித்திரை, வைகாசியில் திருச்சியில் 40 டிகிரி தாண்டுவது செய்தியே இல்லை. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் மத்தியானத்தில் கையைச் சுடும். தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரியில் உறைவது. இங்கே மார்கழி விடியலைத் தவிர அது எப்போதும் உருகியேதான் இருக்கிறது. எண்ணெய், காஸ்டிக், தண்ணீர் மூன்றோடு வெயிலும் நம்மூர் சோப்பில் சேர்கிறது. அதன் அளவைக் குறிப்பில் யாரும் எழுதுவதில்லை. அதனால் ஒரே குறைக்கு அவர்கள் சொல்லும் காரணமும் நமக்குள்ள காரணமும் பல நேரம் நேர் எதிராக இருக்கும்.

சென்ற அத்தியாயத்தின் அளவையே இங்கும் உதாரணமாக வைத்துக்கொள்வோம்: தேங்காயெண்ணெய் 200 கிராம், ரேஷன் பாமாயில் 200 கிராம், நல்லெண்ணெய் 50 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம், காஸ்டிக் சோடா 74 கிராம், தண்ணீர் 148 கிராம். இந்த 500 கிராம் எண்ணெயை முழுக்கச் சோப்பாக்க ஏறக்குறைய 78 கிராம் காஸ்டிக் வேண்டும். நூற்றுக்கு ஐந்து குறைத்து 74 போடுகிறோம். அந்தக் குறைவால் சோப்பாகாமல் மிஞ்சும் எண்ணெய் தோலுக்குக் காப்பு, நம் தராசின் சிறு பிழைகளுக்கும் காப்பு.

முதலில் காரம் மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள்

குறை எதுவானாலும் இந்தச் சோதனைதான் முதல். வெட்டி மூன்று நாள் ஆன கட்டியின் மேல் ஈர விரலைத் தேய்த்து, அந்த விரலை நுனிநாக்கில் லேசாக வையுங்கள். வெறும் சோப்புச் சுவை என்றால் பயமில்லை. டார்ச் லைட் பேட்டரியை நாக்கில் வைத்ததுபோல் சுரீரென்றால் காஸ்டிக் மிஞ்சியிருக்கிறது. உடனே வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். கட்டியை ஒரு வாரம் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். மெதுவாக நடக்கும் சோப்பாக்கம் சில நாளில் தானே முடிந்துவிடுவதும் உண்டு. நடு, ஓரம், வெள்ளைப் புள்ளி தெரியும் இடம் என்று மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். நாக்கில் வைக்க மனம் வராதவர்கள் பிஎச் தாள் வாங்கிக்கொள்ளலாம். வீட்டுச் சோப்பு 9, 10 காட்டுவது இயல்பு. 11ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள்.

மஞ்சளை வைத்துப் பார்க்கலாமே என்று ஸ்ரீரங்கத்தில் கேட்காதவர்கள் இல்லை. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பது ஆரத்தி கரைக்கும் வீடுகளுக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் மஞ்சள் 8, 8.5 தாண்டியதுமே சிவக்கத் தொடங்கிவிடும். மிக நல்ல சோப்பின் மேல் தூவினாலும் சிவக்கும். ஆகவே இந்த வேலைக்கு அது உதவாது. அதே காரணத்தால்தான் கஸ்தூரி மஞ்சள் போட்ட சோப்புக் கலவை ஊற்றும்போது செங்கல் நிறமாக மிரட்டுகிறது. ஆற ஆற இறங்கி ஆரஞ்சுக்கு வந்துவிடும். பதறவேண்டாம்.

கத்தி வைத்தால் உதிர்கிறது

இதற்கு இரண்டு காரணங்கள், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. நாக்கு சுரீரென்றால் காஸ்டிக் கூடிவிட்டது. நாக்கு சும்மா இருந்தால் வெட்டத் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான்.

காஸ்டிக் கூடுவதற்கு நம்மூரில் உள்ள மிகச் சாதாரணமான வழி, எண்ணெய்ப் பாக்கெட்டை நம்புவது. 1 லிட்டர் பாக்கெட்டைப் பிரித்து ஊற்றிவிட்டு 1 கிலோ எண்ணெய் என்று கணக்கு வைக்கிறார்கள். பாக்கெட்டிலேயே சிறிய எழுத்தில் 910 கிராம் என்று போட்டிருக்கும். மேலே சொன்ன அளவை இரண்டு மடங்காக்கி 1000 கிராமுக்கு 148 கிராம் காஸ்டிக் போட்டீர்கள், எண்ணெயை மட்டும் லிட்டர் கணக்கில் அளந்தீர்கள் என்றால், உள்ளே போனது 910 கிராம்தான். அதை முழுக்கச் சோப்பாக்க 142 கிராம் காஸ்டிக் போதும். மிச்சம் 6 கிராம் பிடிக்க எண்ணெயில்லாமல் நிற்கும். காப்புக்காக விட்ட ஐந்து சதவீதமும் போய், மேற்கொண்டு நான்கு சதவீதக் காரமும் ஏறிய கட்டி அது. வெளுத்து, விறைத்து, கத்தி பட்டதும் சில்லுசில்லாகத் தெறிக்கும். மரச்செக்கில் ஆட்டிய எண்ணெயை லிட்டர் படியில் ஊற்றிக் கொடுக்கும் கடைகளிலும் இதே கதைதான். எங்கே வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் தராசில் வையுங்கள். சோப்பில் லிட்டர் என்ற பேச்சே கூடாது, தண்ணீர் உட்பட எல்லாம் கிராம்.

தேங்காயெண்ணெய் மட்டும் வைத்துச் செய்த சோப்பு வேறு. அது சீக்கிரம் இறுகும். வெயில் காலத்தில் காலையில் ஊற்றியது மாலைக்குள் வெட்டும் பதத்துக்கு வந்துவிடும். மறுநாள் காலை என்று விட்டால் கத்தி நேராக இறங்காது, உடைந்துதான் விழும். சோப்பு கெடவில்லை, உருவம்தான் போயிற்று. தனித்தனிக் குழிகள் உள்ள சிலிக்கான் அச்சில் ஊற்றினால் வெட்டவே வேண்டாம். நம் கலவையில் தேங்காயெண்ணெய் நூற்றுக்கு நாற்பதுதான் என்பதால் 18 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் வெட்டினால் போதும். விரல் நுனியால் அழுத்தினால் குழி விழக்கூடாது, நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். அதுதான் வெட்டும் நேரம்.

அழுந்துகிறது, ஒட்டுகிறது, எண்ணெய் மிதக்கிறது

கலக்கக் கலக்கக் கெட்டிப்படாமல் மணிக்கணக்கில் நீராகவே இருந்தால், வாங்கி வந்த சோடா எது என்று பாருங்கள். கடையில் சோடா என்று மொட்டையாகக் கேட்டால் மூன்றில் ஒன்று கிடைக்கும். ஆப்ப சோடாவும் சலவை சோடாவும் எண்ணெயைச் சோப்பாக்காது. வேண்டியது காஸ்டிக் சோடா, செதிலாகவோ மணியாகவோ இருக்கும். மளிகைக் கடையை விட கெமிக்கல் கடையில் வாங்குவது உத்தமம். அடைப்பு நீக்கும் பொடிகளில் காஸ்டிக்கோடு வேறு சரக்கும் கலந்திருக்கும், அதைத் தொடவே வேண்டாம்.

சரியான காஸ்டிக்காகவே இருந்தாலும் திறந்து வைத்த பாக்கெட்டில் வீரியம் குறையும். காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் அது இழுத்துக்கொள்ளும். ஸ்ரீரங்கம் இரண்டு ஆறுகளுக்கு நடுவிலுள்ள தீவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே உப்பு ஜாடியே கசிகிறது, காஸ்டிக் பாக்கெட் என்ன ஆகும்? செதில்கள் ஒட்டிக் கட்டியாகியிருந்தால் 74 கிராம் நிறுத்தாலும் உள்ளே காஸ்டிக் அதைவிடக் குறைவுதான். சோப்பு மெத்தென்றே நிற்கும். வாங்கியதும் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றி, மேலே பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

மூன்றாவது காரணம் எண்ணெய்ச் சேர்க்கை. விளக்கெண்ணெய் நுரையை நிறுத்திப் பிடிக்கும் என்று கேள்விப்பட்டு அள்ளிப் போடுகிறார்கள். நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால் பிசுபிசுப்பு. நல்லெண்ணெயும் கடலெண்ணெயும் நாளாகித்தான் இறுகும், பாதிக்கு மேல் அவற்றையே போட்டால் இரண்டு வாரம் அச்சிலேயே கிடக்கும். ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் பழகுகிறவர்களுக்கு மிகத் தோதான சரக்கு. வீணானாலும் மனம் நோகாது. ஆனால் அது பனையெண்ணெயின் கெட்டிப் பகுதியை நீக்கிய பிறகு வரும் நீர்த்த பகுதி. குளிர்நாட்டுக் குறிப்பில் பாம் ஆயில் என்று இருப்பதற்கு இதை அப்படியே மாற்றிப் போட்டால் அந்த இறுக்கம் வராது. நம் அளவில் தேங்காயெண்ணெய் நாற்பது விழுக்காடு வரை ஏறியிருப்பது அதை ஈடுகட்டத்தான். ஒரு தேக்கரண்டிக் கல்லுப்பை முதலில் தண்ணீரில் கரைத்துவிட்டு, பிறகு காஸ்டிக்கைச் சேர்த்தால் கட்டி சீக்கிரம் இறுகும்.

மழைக்காலத்தில் மெத்தென்றிருக்கும் சோப்பைக் குறையென்றே சொல்ல மாட்டேன். தண்ணீர் போக வழியில்லாமல் நிற்கிறது, அவ்வளவுதான். நான்கு வாரம் ஆற வேண்டியதற்கு ஆறு, ஏழு வாரம் கொடுங்கள். வாரம் ஒருமுறை ஒரு கட்டியை நிறுத்துக் குறித்துக்கொண்டால், எடை இறங்குவது நிற்கும் வாரம் தெரிந்துவிடும். உத்திர வீதி, சித்திரை வீதிப் பக்கத்துப் பழைய நீள்வீடுகளில் ரேழி இதற்கென்றே கட்டியதுபோல் இருக்கும்: நிழல், காற்றோட்டம், குளிர்ந்த தரை. தில்லைநகர் மாடி ஃபிளாட்டில் இருப்பவர்கள் மூங்கில் தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, அலமாரியின் மேல் வைக்கலாம். சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் வடகத்தோடு வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். மேல்தோல் காய்ந்து கட்டி வளையும், எண்ணெயும் சிக்கு நாற்றம் பிடிக்கும்.

மறுநாள் பார்த்தால் மேலே எண்ணெய் ஏடாக நின்று, அடியில் நீர் கசிந்திருக்கிறதா? பதம் வருமுன் ஊற்றிவிட்டீர்கள். கரண்டியால் எடுத்துக் கலவையின் மேல் கோடு போட்டால் இட்லி மாவில்போல் அந்தக் கோடு ஒரு கணம் நின்று மறைய வேண்டும். மத்தால் கடைந்தால் இந்தப் பதம் வர ஒரு மணி நேரம்கூட ஆகலாம். மரமத்தைக் காஸ்டிக் அரிக்கும், நாரும் சிம்புமாகச் சோப்பில் விழும். கையில் பிடிக்கும் பிளெண்டர் சில நிமிடத்தில் முடித்துவிடும், அதன் தண்டு எவர்சில்வராக இருக்க வேண்டும். மிக்ஸியில் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில் ஒன்றுதான்: கூடவே கூடாது. மூடிய ஜாரில் சூட்டோடு காரம் மேலே தெறிக்கும்.

வெடிப்பு, பொங்கல், நடுவில் கரு வட்டம்

திருச்சிக்காரர்கள் அதிகம் பார்க்கும் குறைகள் இவை, மூன்றும் சூட்டின் பிள்ளைகள். காஸ்டிக்கும் எண்ணெயும் சேர்வதே சூடு கிளப்பும் காரியம். அச்சில் ஊற்றிய சில மணி நேரத்தில் நடுப்பகுதி தானே சூடேறி, கண்ணாடிபோல் கருத்து, அந்த நிறம் ஓரத்தை நோக்கிப் பரவும். ஜெல் நிலை என்று இதைச் சொல்கிறோம். பரவி முடிந்தால் கட்டி முழுக்க ஒரே நிறம். பாதியில் நின்றால் நடுவில் கரு வட்டம், சுற்றிலும் வெளுத்த ஓரம். தேய்த்துக் குளிக்க எந்த வித்தியாசமும் இல்லை. ஊற்றியதும் மின்விசிறிக்கு அடியில் வைப்பதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். ஓரம் ஆறிவிடுகிறது, நடு கொதிக்கிறது. ஒன்று விசிறியை நிறுத்தி மேலே ஒரு அட்டையை மூடி முழுக்கப் பரவவிடுங்கள், அல்லது சின்னச் சின்ன அச்சுகளில் ஊற்றி, சூடே தங்காதபடி செய்யுங்கள். இரண்டுங்கெட்டானாக விடும்போதுதான் வட்டம் விழுகிறது.

சூடு அதற்கும் மேலே போனால் நீளக் கட்டியின் முதுகில் பிளவு விடும். இன்னும் போனால் நடுவில் வீங்கி, வெடித்து, அச்சைத் தாண்டி வழியும். போர்வை போர்த்தச் சொன்ன குறிப்பை வைகாசியில் பின்பற்றியவர்கள் பலருக்கும் இந்தக் காட்சி தெரியும். அச்சை எப்போதும் ஓர் எவர்சில்வர் தட்டின் மேல் வைத்தே ஊற்றுங்கள், அலுமினியத் தட்டு வேண்டாம். பிளவு தெரிந்ததும் குளிர்ந்த தரைக்கு இறக்கி, கையுறை போட்ட கையால் மெல்ல அழுத்தி மூடிவிடலாம். பொங்கி வழிந்தால் தூர எறிய வேண்டியதில்லை. கரண்டியால் எல்லாவற்றையும் எவர்சில்வர் பாத்திரத்துக்குத் திருப்பி, சூடு அடங்கும்வரை கிளறி, மறுபடி அச்சில் அழுத்துங்கள். மேல்பரப்பு கரடுமுரடாக இருக்கும், சோப்பு சோப்புதான். அந்த நேரத்தில் கலவையில் காரம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கண்ணாடி, கையுறை இல்லாமல் குனியாதீர்கள். தோலில் பட்டால் குழாயடியில் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். வினிகர், எலுமிச்சை என்று எதையும் அதன்மேல் ஊற்றக் கூடாது.

வெல்லம், தேன், பால், இளநீர் இவற்றிலுள்ள சர்க்கரை இந்தச் சூட்டை இன்னும் ஏற்றும். ஆட்டுப்பால் சோப்பு காவி நிறத்தில் அமோனியா நெடியடித்தால் பால் கருகிவிட்டது என்று அர்த்தம். பாலைக் கட்டியாக உறையவைத்து, அந்தக் கட்டிகளின் மேல் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கரைப்பதுதான் வழி. சித்திரையில் இந்த வகையைத் தொடங்கவே வேண்டாம் என்பது என் கட்சி. தைக்குக் காத்திருங்கள்.

மற்ற சோப்புகளுக்குக் கத்திரி வெயிலிலும் வழியுண்டு. 148 கிராம் தண்ணீரில் பாதியை ஐஸ் கட்டியாக நிறுத்துக்கொள்ளுங்கள். காஸ்டிக் கரையும்போது சாதாரணத் தண்ணீரே 90 டிகிரிக்குப் பக்கம் போகும், தொட்டியில் சுட்ட தண்ணீர் என்றால் கொதித்துத் தெறிக்கும். தண்ணீரில் காஸ்டிக்கைத் தூவ வேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. இந்த விதிக்கு விலக்கே இல்லை. ஐஸோடு கரைக்கும்போது அடியில் காஸ்டிக் கரையாமல் படிந்துவிடுவதுண்டு. நன்றாகக் கலக்கி, எவர்சில்வர் வடிகட்டியில் வடித்தே எண்ணெயில் சேர்க்க வேண்டும். அந்தக் கரையாத மணிதான் பின்னால் கட்டிக்குள் வெள்ளைப் பொட்டாக உட்கார்ந்து தோலைச் சுடும். கரைசல் பாத்திரத்தை ஒரு பேசின் தண்ணீரில் இறக்கி வைத்து 35 டிகிரிக்கு வரவிடுங்கள். எண்ணெயை அடுப்பில் ஏற்றவே வேண்டாம், வீட்டில் இருக்கும் சூடே போதும். விடியற்காலையில் ஊற்றினால் மத்தியான வெக்கை வருமுன் பெரும்பாதி வேலை முடிந்திருக்கும்.

வெட்டிய முகத்தில் கண்ணாடிக் கோடுகள் நரம்புபோல ஓடினால் அதுவும் அதிகச் சூடும் அதிகத் தண்ணீரும் சேர்ந்து செய்த வேலை. கெடுதல் இல்லை. இதை வேண்டுமென்றே வரவழைத்து விற்கிறவர்கள்கூட இருக்கிறார்கள்.

மேலே வெள்ளைப் பூச்சு

சோப்பாகாமல் மேற்பரப்பில் நிற்கும் சிறிது காஸ்டிக், காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சலவை சோடாவாகப் பூக்கிறது. ஆடிக்காற்றில் திறந்து வைத்த அச்சிலும், மழைக்காலத்தில் ஜெல் ஆகாமல் ஆறிய கட்டியிலும் அதிகம். ஊற்றியதும் மூடி வையுங்கள், தண்ணீரைக் கூட்டாதீர்கள். வந்துவிட்டதா? இட்லிப் பானை ஆவியில் சில நொடி காட்டித் துடைத்தால் போய்விடும். மேற்பரப்போடு நிற்கும் மெல்லிய பூச்சுக்கு வேறு வைத்தியம் வேண்டாம். உள்ளேயும் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் மட்டும் நாக்குச் சோதனைக்குப் போங்கள்.

மணல்மணலாக, பொட்டுப்பொட்டாக

மலைக்கோட்டை அடிவாரத்துக் கடைவீதிகளில் நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்தால் ஆவாரம்பூ, வெட்டிவேர், குப்பைமேனி, பூலாங்கிழங்கு என்று எல்லாமே பொடியாகக் கிடைக்கும். கை தாராளமாகிவிடும். 500 கிராம் எண்ணெய்க்கு ஒரு தேக்கரண்டிப் பொடி போதும். அதையும் சலித்து, கலவை எண்ணெயிலேயே கொஞ்சம் எடுத்து ஊறவைத்துச் சேர்க்க வேண்டும். நேரே தூவினால் கட்டி கட்டியாக நிற்கும், தேய்க்கும்போது கீறும். நலங்கு மாவை உடம்பில் தேய்த்த சுகம் சோப்பிலும் வரும் என்று நாலு கரண்டி போடுகிறவர்களுக்கு உதிரும் சோப்புதான் மிச்சம். பச்சிலையை அரைத்து விழுதாகப் போட்டால் பச்சை நிறம் சில வாரத்தில் பழுப்பாகிவிடும், ஈரம் தங்கிய இடத்தில் பூசணமும் பிடிக்கும். வேப்பிலை வேண்டுமென்றால் வேப்பெண்ணெயாகச் சேருங்கள்.

வாசனைத் தைலம் ஊற்றிய கணத்தில் கலவை அரிசி அரிசியாகத் திரிந்தாலோ, அப்படியே கல்லாக இறுகினாலோ குற்றவாளி அந்தத் தைலம்தான். கிராம்புத் தைலமும் இலவங்கப்பட்டைத் தைலமும் இதில் பேர்போனவை. சோப்புக்கென்று இல்லாத அத்தர்களையும் ஊதுவத்தி வாசனைகளையும் நம்ப முடியாது. திரிந்தால் பிளெண்டரால் விடாமல் அடித்தால் பெரும்பாலும் கூடிவரும். கல்லானால் அச்சில் அழுத்தித் திணித்துவிட்டு, மறுகாய்ச்சலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் மட்டும் நாமும் கொஞ்சம் குளிர்நாடு. தேங்காயெண்ணெய் பாட்டிலில் உறைந்திருக்க, அவசரத்தில் பாதி உருக்கி, ஐஸ் தண்ணீரில் கரைத்த காஸ்டிக்கை ஊற்றினால், ஐந்தே நிமிடத்தில் பதம் வந்துவிட்டதுபோல் கெட்டிப்படும். அது பொய்ப்பதம். எண்ணெய் உறைந்ததே தவிரச் சோப்பாகவில்லை. வனஸ்பதி போட்டவர்களுக்கு இது இன்னும் சுலபமாக நேரும். கட்டிக்குள் மணிமணியாகக் கொழுப்பு தெரிந்தால் இதுதான் நடந்தது. பாத்திரத்தை வெந்நீரில் இறக்கி எண்ணெய் தெளிந்த பிறகு மறுபடி அடியுங்கள்.

நுரை வரவில்லை என்பவர்களுக்கு

போர்த் தண்ணீரில் செய்ததால்தான் சோப்பு திரிதிரியாக வருகிறது என்று ஒரு நம்பிக்கை உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள உப்புத் தண்ணீர் என்றாலும், 148 கிராமில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அரைக் கிராமுக்குள்தான் சோப்பைத் திரிக்க முடியும். எழுநூறு கிராம் கலவையில் அது கண்ணுக்கே தெரியாது. குளிக்கும்போதுதான் விஷயம் வேறு, அங்கே வாளி வாளியாக அதே தண்ணீர். நுரை வரவில்லை, தலையில் பிசுக்கு நிற்கிறது, வாளியோரத்தில் அழுக்குக் கோடு படிகிறது என்றால் ஒரு சொம்பு கேன் தண்ணீரில் கை கழுவிப் பாருங்கள். அதில் நுரைத்தால் சோப்பின்மேல் குற்றமில்லை. காவிரிக் குழாய்த் தண்ணீர் வரும் வீட்டில் புகழப்படும் அதே கட்டி, போர்த் தண்ணீர் வீட்டில் திட்டு வாங்கும்.

இருந்தாலும் செய்வதற்குக் கேன் தண்ணீரோ, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரோ நல்லது. காரணம் சுண்ணாம்பு இல்லை, இரும்பு. போர்த் தண்ணீரில் இரும்பு இருந்தால் ஓரிரு மாதத்தில் கட்டியில் ஆரஞ்சுப் பொட்டுகள் விழும், பழைய எண்ணெய் வாடை வரும். செக்கு எண்ணெயைத் தெளியவிடாமல் அடிமண்டியோடு ஊற்றினாலும், பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயைப் போட்டாலும் இதே பொட்டுகள்தான். சூரியகாந்தி எண்ணெய் நம் வெயிலுக்கு ஆகாது, சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். நல்லெண்ணெய்க்கு இயற்கையாகவே கொஞ்சம் தாங்கும் சக்தி உண்டு. பொட்டு விழுந்த சோப்பு ஆளைக் கடிக்காது, ஆனால் யாருக்கும் பரிசாகக் கொடுக்க முடியாது. கை கழுவ வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

மறுகாய்ச்சல்

காரம் மிஞ்சியது, பொய்ப்பதத்தில் பிரிந்தது, கல்லாக இறுகியது ஆகிய மூன்றையும் காப்பாற்றலாம். சோப்புக்கென்று தனியே வைத்த துருவியில் கையுறையோடு துருவி, எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, அரைக் கிலோ துருவலுக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, இன்னொரு பெரிய பாத்திரத்தில் கொதிக்கும் நீருக்குள் இறக்கி மூடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வப்போது புரட்டிவிட்டால் போதும், அடித்துக் கலக்கினால் காற்றுப் புகுந்து ஓட்டை ஓட்டையாக வரும். முழுக்கக் கனிந்து ஒரே நிறமானதும் அச்சில் போட்டுத் தட்டித் தட்டி அழுத்துங்கள். வழவழப்பு வராது, கூழாங்கல் மேனிதான்.

காரம் கூடியதன் காரணம் தெரிந்தால் மட்டுமே எண்ணெய் சேர்த்துச் சரிசெய்யலாம். லிட்டர்-கிலோ குழப்பம் என்றால் குறைந்த 90 கிராமை அதே எண்ணெய்க் கலவையில் நிறுத்து, துருவலோடு சேர்த்துக் காய்ச்சினால் கணக்கு நேராகிவிடும். தராசு பழுதா, காஸ்டிக்கை இரண்டு முறை போட்டோமா என்று எதுவும் நினைவில்லை என்றால் குத்துமதிப்பாக எண்ணெய் ஊற்றிக் குளிக்கத் துணிய வேண்டாம். காரம் குறைந்து எண்ணெய் கசியும் சோப்பிலும் அப்படித்தான், காஸ்டிக்கை உத்தேசமாகக் கூட்டுவது அதைவிட ஆபத்து. அக்கம்பக்கத்தில் விற்கும் யோசனை இருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்: குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனம். விற்பதற்காகச் செய்ய, 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி உரிமம் வேண்டும்.

கணக்குத் தெரியாத காரச் சோப்பைத் துருவி வெந்நீரில் கரைத்து, கையுறையோடு சிமெண்டுத் தரையும் கழிப்பறையும் கழுவத் தீர்க்கலாம். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் அதைக் கரைக்க வேண்டாம், பாத்திரத்தையே அரித்துவிடும்.